நேற்றுத் தந்த சம்மதமும் இன்று வந்த மறுப்பும்

கேள்வி: நான் மூன்றாண்டுகளாக ஃப்ரீலான்ஸ் புகைப்படச் செய்தியாளராகப் பணியாற்றும் பெண். போர், இடப்பெயர்வு, இவற்றுக்கு நடுவே பெண்களின் நிலை ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்ய விரும்புகிறேன். சென்ற மாதம் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றின் பொறுப்பாளர், நிவாரணப் பொருள்கள் வழங்கிய நாளில், வன்கொடுமைக்கு உள்ளான ஒரு பெண்ணிடம் என்னை அழைத்துச் சென்றார். அவர் நடந்ததைச் சொன்னார். படமெடுக்கவும் சம்மதித்துக் கையெழுத்திட்டார். மறுநாள் ஒரு தன்னார்வலர் மூலம், "அந்தப் படம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். இதழாசிரியரோ, கையெழுத்து இருக்கிறது, படமும் வலுவானது, அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது என்கிறார். நான் என்ன செய்வது? இன்னும் மூன்று கேள்விகள்: சொந்தச் செலவில் போர்முனைக்குப் போகலாமா? வியட்நாம் போரைப் படமெடுத்த கேத்தரின் லெராய் அப்படித்தான் போனார் என்று நண்பர் ஊக்கப்படுத்துகிறார். பெண்ணாக இருப்பது இந்தத் தொழிலில் உதவியா, தடையா? கையில் உள்ள சேமிப்பில், தொலைவிலிருந்தே படமெடுக்க உதவும் ஒரு நீண்ட டெலிபோட்டோ லென்ஸ் வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நான்கு கேள்விகளில் முதலாவதற்கு மட்டுமே கெடு இருக்கிறது. ஆகவே அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இன்றைக்கே ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை எழுத்திலும் அனுப்பி வையுங்கள்.

கையெழுத்து இருக்கிறது என்று ஆசிரியர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தத் தாள் எந்தச் சூழலில் கையெழுத்தானது என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. நிவாரணப் பொருள்கள் வழங்கப்பட்ட நாள். உங்களை அழைத்துவந்தவர் முகாமின் பொறுப்பாளர், அதாவது யாருக்கு எது கிடைக்கும் என்ற பட்டியலைக் கையில் வைத்திருப்பவர். அவரோடு வந்து நின்ற உங்களை அந்தப் பெண் ஒரு தனிப் பத்திரிகையாளராகப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. படம் எடுத்துக்கொண்டால் பதிவு விரைவில் முடியும் என்றோ, மறுத்தால் பெயர் விட்டுப்போகும் என்றோ அவர் நினைத்திருக்கலாம். நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். முகாமில் அப்படிச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மறுப்பின் கதை வேறு. ஓர் இரவு முழுவதும் யோசித்து, நம்பத் தகுந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, தன் வேதனையை அவரிடமும் ஓரளவு வெளிப்படுத்தி, அதன் பிறகுதான் அவர் அந்தச் செய்தியை அனுப்பியிருக்கிறார். யாருடைய நெருக்குதலும் இன்றி அவர் தானாகச் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

இது என் தனிப்பட்ட கருத்து மட்டுமல்ல. போர்க்கால வன்கொடுமைக்கு உள்ளானவர்களிடம் தகவல் சேகரிக்கும் விசாரணையாளர், ஆய்வாளர், பத்திரிகையாளர் அனைவருக்குமாக, 2018இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நாதியா முராதின் பெயரால் 2022 ஏப்ரலில் 'முராத் நெறிமுறை' வெளியிடப்பட்டது. ஒரு முறை வாங்கிவைத்துக்கொள்ளும் அனுமதியாகச் சம்மதத்தைக் கருதாமல், பணி முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்ய வேண்டிய ஒன்றாகவே அது கருதுகிறது. இன்னொன்றையும் ஆசிரியருக்கு நினைவூட்டுங்கள்: பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டுவது பல நாடுகளில் சட்டப்படியே குற்றம். கையெழுத்து இருப்பதாலேயே இதழ் பாதுகாப்பாக இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுதுங்கள். சம்மதம் திரும்பப் பெறப்பட்டுவிட்டது, படம் வெளியாகக் கூடாது, அனுப்பிய கோப்புகளை அழித்துவிட்டு உறுதி செய்யவேண்டும் என்ற மூன்று செய்திகள் போதும். அந்தப் பெண் ஏன் மறுத்தார் என்ற காரணத்தை எழுதாதீர்கள். உங்களுக்கே அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவேண்டாம். அதே முகாமில் எடுத்த வேறு இரண்டு படங்களை மாற்றாக இணைத்து அனுப்புங்கள். காலியான பக்கம் ஆசிரியரின் உண்மையான கவலை என்பதால், அதற்கு ஒரு விடையோடு போவது நல்லது. படத்துக்கான கட்டணம் போய்விடலாம். அந்த இதழில் அடுத்த வாய்ப்பும் தாமதமாகலாம். இவை சிறிய இழப்புகள் என்று நான் சொல்லமாட்டேன். ஃப்ரீலான்ஸ் வாழ்க்கையில் ஓர் ஆசிரியரின் முகம் கோணுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நானும் அனுபவித்தவள்தான்.

முகத்தை மறைத்து வெளியிடலாமா என்றும் ஆசிரியர் கேட்கக்கூடும். இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். தொழிலுக்கு வந்த நான்காம் ஆண்டில், இதேபோன்ற நிலையில் இருந்த ஓர் இளம்பெண்ணை ஒரு முகாமில் படமெடுத்தேன். முகம் தெரியக் கூடாது என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம். அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கூடாரத்தின் வாசல் வழியாக வந்த வெளிச்சம் ஒரு தோளில் மட்டும் விழுந்தது. படக்குறிப்பில் பெயரை மாற்றினேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்ட திருப்தி எனக்கு. படம் வெளியான மூன்றாம் நாள் முகாம் முழுவதற்கும் அது யாரென்று தெரிந்துவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் கயிற்றில் மறைப்பாக ஒரு நீலக் கம்பளிப் போர்வை தொங்கியது. அதில் மஞ்சள் துணியில் இரண்டு ஒட்டுகள், அவள் தாயார் தைத்தவை. தினமும் கூடாரத்துக்கு வெளியே வெயிலில் காய்ந்த அந்தப் போர்வையை முகாமில் பார்க்காதவர்களே இல்லை. நான் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போர்வையைப் பார்த்தார்கள். அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டது. எங்கே போனது என்று எனக்குச் சொல்ல அங்கே யாருக்கும் விருப்பமிருக்கவில்லை.

அதிலிருந்து, அடையாளத்தை மறைக்கவேண்டிய படங்களைத் தொலைவில் இருக்கும் வாசகனின் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டேன். அடுத்த கூடாரத்தில் வசிப்பவரின் கண்ணால் பார்க்கிறேன். கை விரல், மச்சம், செருப்பு, பின்னணியில் தெரியும் தண்ணீர்த் தொட்டி, மடியில் உட்கார்ந்த குழந்தை என ஓரங்களிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும். படக்குறிப்பில் வயது, ஊர், தேதி மூன்றும் சேர்ந்தால் பெயரை மாற்றியும் பயனில்லை. கோப்புக்குள்ளே இருப்பதையும் மறந்துவிடாதீர்கள்: படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு அதில் பதிந்திருக்கலாம், நீங்கள் வெட்டி நீக்கிய பகுதி, கோப்போடு ஒட்டியிருக்கும் சிறு முன்னோட்டப் படத்தில் அப்படியே தங்கியிருக்கலாம். ஆசிரியருக்கு அனுப்புமுன் இவற்றை நீக்குவது உங்கள் பொறுப்பு.

படம் எடுக்கப்பட்டவர் பிற்காலத்தில் என்ன ஆனார் என்று பார்த்தால், நம் தொழிலின் புகழ்பெற்ற பக்கங்கள் சில சங்கடம் தருகின்றன. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் டொரத்தியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை அறியாதவர் குறைவு. அந்தப் பெண்ணின் பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். கார் டயர்களை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று படத்தோடு சேர்ந்து பரவிய தகவலைக் குடும்பத்தினர் மறுத்தார்கள். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது; அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. 1984இல் பாகிஸ்தானின் நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி படமெடுத்த ஷர்பத் குலா, மறு ஆண்டு 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழின் அட்டையில் உலகமெங்கும் போய்ச்சேர்ந்தார்; 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. இரண்டு படங்களும் பெரிய படங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. லாங்கேயின் படம் வெளியானதும் அந்த முகாமுக்கு அரசின் உணவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் தாம்சனின் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. இந்தத் தகவலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

'பெண்களின் நிலை' என்று நீங்கள் எழுதியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. போரில் பெண் என்றால் வன்கொடுமைக்கு உள்ளானவள் அல்லது அழுகிற தாய் என்ற இரண்டே வடிவங்களில் ஆசிரியர்கள் படம் கேட்பார்கள். அந்தக் கோரிக்கைக்கு முழுதாகப் பணிந்துவிட்டால், நீங்கள் இப்போது சிக்கியிருக்கும் இக்கட்டில் ஆண்டுதோறும் சிக்குவீர்கள். காணாமற்போன கணவனின் பெயரில் இருக்கும் நிலத்துக்கு, இறப்புச் சான்றும் இல்லாமல், உரிமை கோரி அலுவலகம் அலுவலகமாக அலைபவள். குடும்பத் தலைவராக ஆணின் பெயரையே எழுதும் பதிவேட்டின் முன் நிற்பவள். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கில்லாததால் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் இருப்பவள். இவர்கள் எல்லோரும் போரின் படங்கள்தான். விளக்குக் கம்பத்துக்கும் கழிப்பறைக்கும் இடையே உள்ள இருட்டை மட்டுமே எடுத்த ஒரு படம், நான் பார்த்த முகாம் படங்களில் மறக்க முடியாதது. அதில் ஆளே இல்லை. ஆண்களையும் விட்டுவிடாதீர்கள்: கட்டாயப் படைச் சேர்ப்புக்கு அஞ்சி ஒளிந்திருப்பவன், தடுப்புக்காவலில் பாலியல் சித்திரவதைக்கு உள்ளாகி அதை யாரிடமும் சொல்ல முடியாதவன் ஆகியோரின் நிலையும் பாலினம் சார்ந்ததே. பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றிய ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் 2000ஆம் ஆண்டிலேயே, அமைதிப் பேச்சுகளில் பெண்களின் பங்கேற்பைக் கோரியது. பேச்சு மேசைகளைப் படமெடுக்கப் போனால் அங்கே எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதுவே ஒரு தொடருக்குப் போதும்.

இடப்பெயர்வும் இதேபோல் ஒரே வகைப் படமாகச் சுருங்கிவிட்டது. படகு, முள்வேலி, உயிர்காப்பு உடை. ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி 2024 இறுதியில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் ஏறத்தாழ 12.3 கோடிப் பேர், அவர்களில் 7.3 கோடிக்கும் மேற்பட்டோர் எல்லையையே கடக்காமல் சொந்த நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்கள். உறவினர் வீட்டு ஒற்றை அறையிலும் மூடிய பள்ளிக் கட்டடத்திலும் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் அவர்களைத் தேடிப் போகும் கேமராக்கள் மிகக் குறைவு. போர்முனைக்குப் போகுமுன் நீங்கள் செய்யக்கூடிய, செய்யவேண்டிய வேலை அங்கே காத்திருக்கிறது. எல்லை கடப்பவர்களை எடுக்க நேர்ந்தால் ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: பாதையில் இருப்பவரின் முகம் வெளியானால், அவர் விட்டுவந்த ஊரிலிருக்கும் பெற்றோரை யாராவது தேடி வரலாம்.

இனி இரண்டாம் கேள்வி. கேத்தரின் லெராய் 1966இல், 21 வயதில், ஒரே ஒரு லைக்கா கேமராவோடு வியட்நாமுக்குப் போனது உண்மை. அடுத்த ஆண்டு மோட்டார் குண்டுச் சிதறல்களால் அவர் படுகாயமடைந்ததையும், 1968இல் ஹுவே நகரில் வட வியட்நாம் படையினரிடம் பிடிபட்டதையும் நண்பர் சொல்ல மறந்திருக்கலாம். அந்தப் போரில் அமெரிக்க ராணுவமே பத்திரிகையாளருக்கு அங்கீகார அட்டை கொடுத்து ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போனது. பல படைகளும் ஆயுதக் குழுக்களும் மோதும் இன்றைய களங்களில் பத்திரிகையாளர் என்ற அடையாளம் பாதுகாப்பு தருவதைவிட, கடத்தி விலை பேசத்தக்கவராக உங்களை ஆக்குவதே அதிகம். அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ஃபோலி 2012 நவம்பரில் சிரியாவில் கடத்தப்பட்டு 2014 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அதே 2014இன் மே மாதத்தில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பிரெஞ்சுப் புகைப்படச் செய்தியாளர் கமீய் லெபாஜ் கொல்லப்பட்டபோது அவருக்கு 26 வயது. இருவரும் ஃப்ரீலான்ஸ். இந்த மரணங்களுக்குப் பிறகு, 2015இல், செய்தி நிறுவனங்களும் ஃப்ரீலான்ஸ் அமைப்புகளும் சேர்ந்து பாதுகாப்புக் கொள்கைகளை வகுத்தன. இன்று ஏகோஸ் கூட்டமைப்பு என்று அறியப்படுவது அதிலிருந்து வளர்ந்ததுதான். தம் ஊழியரை அனுப்பத் துணியாத இடத்துக்குப் போய்வந்த ஃப்ரீலான்ஸரிடம் படத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை அது கேள்விக்கு உள்ளாக்கியது.

ஆகவே என் பதில்: இப்போது வேண்டாம். எழுத்திலான அசைன்மென்ட், காயம்பட்டால் உங்களை அங்கிருந்து சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் உள்ளடக்கிய காப்பீடு, தினமும் குறித்த நேரத்தில் உங்கள் குரலுக்காகக் காத்திருந்து அது வராவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த ஒருவர், இந்த மூன்றும் கைக்கு வரும்வரை வேண்டவே வேண்டாம். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவு, போர்ப்பகுதியில் ஆபத்தான பணியில் இருக்கும் பத்திரிகையாளரைப் போரில் ஈடுபடாத பொதுமக்களாகவே கருதவேண்டும் என்கிறது. அதை அறிந்து வைத்திருங்கள். ஆனால் சோதனைச்சாவடியில் துப்பாக்கியோடு நிற்கும் பதினேழு வயதுப் பையன் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அங்கே உங்களைக் காப்பாற்றுவது, வழிகாட்டியும் மொழிபெயர்த்தும் உதவும் உள்ளூர் ஃபிக்ஸரின் தீர்மானம். அவர் "இன்று போகவேண்டாம்" என்றால் போகாதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அவர் அங்கேயே இருக்கப்போகிறவர் என்பதால், அவருக்குரிய ஊதியமும் காப்பீடும் உங்கள் திட்டச் செலவில் முதல் வரியில் இடம்பெறவேண்டும். அவர் பெயரை வெளியிடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் பற்றி விரிவாக எழுத இடமில்லை. பதிப்புரிமை உங்களிடமே இருக்கவேண்டும், முதல் வெளியீட்டு உரிமை எத்தனை நாளுக்கு என்பது தெளிவாக எழுதப்படவேண்டும், உங்கள் அனுமதியின்றி மூன்றாம் தரப்புக்கு விற்கக் கூடாது. கடைசி நிபந்தனை இருந்தால்தான் இப்போது நடந்ததுபோல் ஒரு படத்தைத் திரும்பப் பெறும்போது அது வேறெங்கும் முளைக்காமல் இருக்கும். மூலக் கோப்புகளையும் அனுப்பிய கடிதங்களையும் ஆண்டுவாரியாகப் பாதுகாத்து வையுங்கள். 1972இல் வியட்நாமின் ட்ராங் பாங்கில் எடுக்கப்பட்ட 'நேபாம் சிறுமி' படத்தை, அதாவது தீக்குண்டில் வெந்து ஓடிவரும் சிறுமியின் படத்தை, எடுத்தவர் ஏபி செய்தி நிறுவனத்தின் நிக் உட் தானா, வேறொரு ஃப்ரீலான்ஸரா என்ற சர்ச்சையில், 2025 மே மாதம் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு எடுத்தவர் பெயரை நிறுத்திவைத்தது. ஏபி நிறுவனமோ மாற்றுவதற்குப் போதிய ஆதாரமில்லை என்று உட்டின் பெயரையே தொடர்கிறது. ஐம்பது ஆண்டு கழித்தும் யார் எடுத்தது என்ற கேள்வி எழக்கூடிய தொழில் இது.

பெண்ணாக இருப்பது உதவியா, தடையா என்றால், கதவைப் பொறுத்தது. பெண்கள் மட்டும் இருக்கும் அறைக்குள் உங்களால் நுழைய முடியும். ஆண் சகாக்கள் வாசலில் நிற்பார்கள். அந்த வசதியாலேயே, துயரக் கதைகளை எல்லாம் உங்களிடமும் ராணுவச் செய்திகளை எல்லாம் அவர்களிடமும் ஆசிரியர்கள் ஒப்படைக்கத் தொடங்குவார்கள். அதற்கு ஓரளவுக்கு மேல் இடம்கொடுக்காதீர்கள். தொல்லைகள் எதிரியிடமிருந்து மட்டும் வருவதில்லை. சக பத்திரிகையாளர், அதிகாரி, ஓட்டுநர் எவரிடமிருந்தும் வரலாம். நம்பகமான மற்ற பெண் புகைப்படக்காரர்களின் எண்களைப் போகுமுன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாரோடு வண்டியில் போகக் கூடாது என்ற தகவல் எந்த வழிகாட்டி நூலிலும் அச்சாவதில்லை. பெண் என்பதாலேயே நீங்கள் படமெடுக்கும் பெண்கள் உங்களை நம்பிவிடுவார்கள் என்று மட்டும் எண்ணவேண்டாம். முகாம் பொறுப்பாளரோடு போய் நின்றபோது, அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நீங்கள் முதலில் பொறுப்பாளரின் ஆள், பிறகுதான் பெண்.

டெலிபோட்டோ லென்ஸ் இப்போது வேண்டாம். நீங்கள் செய்ய விரும்பும் வேலைக்கு 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். அதை வைத்துப் படமெடுக்க எதிரில் இருப்பவர் உங்களைப் பார்க்கும் தூரத்துக்குப் போயாகவேண்டும், அவர் கையை அசைத்து வேண்டாம் என்றால் உங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்துக்கு வேறு செலவு இருக்கிறது. 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராத்தாவில் புகைப்படச் செய்தியாளர் டிம் ஹெதரிங்டன் தொடையிடுக்கில் காயம்பட்டு, ரத்தம் வெளியேறி இறந்தார். ரத்தப்போக்கை நிறுத்தத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார் என்று பின்னர் அறிந்த அவருடைய நண்பர் செபாஸ்டியன் ஜங்கர், ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்காகவே முதலுதவிப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் அத்தகைய ஆபத்துப் பகுதிப் பயிற்சி ஒன்றில் சேருங்கள். டூர்னிகே எனப்படும் இறுக்குப் பட்டைகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பையின் வெளிப்பக்கத்தில் கட்டி வையுங்கள், மற்றொன்றை வீட்டில் வைத்துப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால், உங்கள் தொடையிலேயே அதைக் கட்ட முடிகிற நாளில் எனக்கு மீண்டும் எழுதுங்கள். போர்முனையைப் பற்றி அப்போது பேசலாம்.

அதற்கு முன்னால் அந்தத் தன்னார்வலருக்குச் செய்தி அனுப்புங்கள்: படம் வராது என்று மட்டும். ஆசிரியரின் உறுதி கிடைத்த பிறகு.